ஒரு பெட்டியில் மூன்று காலம்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்களின் மனக்கண்முன் அரசர்களும் படைத்தலைவர்களும் வந்து நிற்பது இயல்பு. அவர்கள் பெயரைக் கல்வெட்டும் செப்பேடும் தாங்கி நிற்கின்றன. மனிதன் கையாண்ட கருவிகளுக்கும் வரலாறு உண்டு. அது பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படுவதில்லை. கருவியின் உடம்பிலேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது. அதைப் படிக்க விரும்புவோர் கருவியைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையது. பழைய ஜீப் வண்டியின் அடியில், ஓட்டுநரின் காலருகே மறைந்திருக்கும் கியர்ப் பெட்டியே அது. தேய்ந்துபோன ஒரு கியர்ப் பெட்டியைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டும்போது, மோட்டார் வண்டியின் வரலாற்றில் மூன்று காலங்களை நம் கையால் தொட்டுப் பார்க்கிறோம் என்பதை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

கியர்ப் பெட்டி எதற்கு என்பதை முதலில் தெளிந்துகொள்வோம். வண்டிக் காளை நின்ற இடத்திலிருந்தே தன் முழு வலிமையையும் நுகத்தில் செலுத்த வல்லது. சேற்றில் புதைந்த வண்டியை அது ஓர் உந்தலில் வெளியே இழுத்துவிடுகிறது. பெட்ரோல் இயந்திரத்துக்கு அந்த ஆற்றல் கிடையாது. அது வேகமாகச் சுழன்றால்தான் வலிமை தரும். மெதுவாகச் சுழலச் செய்தால் திணறி நின்றுவிடும். ஆனால் மேட்டில் ஏறும் வண்டியின் சக்கரமோ மெதுவாகத்தான் சுழல வேண்டும். விரைந்து சுழல வேண்டிய இயந்திரத்துக்கும் மெல்லச் சுழல வேண்டிய சக்கரத்துக்கும் இடையே ஒரு நடுவர் தேவைப்படுகிறார். அந்த நடுவரே கியர்ப் பெட்டி.

இருபது பற்கள் கொண்ட சிறிய சக்கரம் ஒன்று, நாற்பது பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தைச் சுழற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிறியது இருமுறை சுற்றினால் பெரியது ஒருமுறை சுற்றும். வேகம் பாதியாகிறது, சுழற்றும் வலிமையோ, உராய்வில் இழப்பது நீங்கலாக, இருமடங்காகிறது. கடப்பாரையால் பாறையைப் புரட்டுகிறவனும் இதே பேரத்தைத்தான் செய்கிறான். அவன் கை நெடுந்தூரம் நகர்கிறது. பாறை சிறிதே அசைகிறது. வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்கும் இந்த வாணிகத்தை, சாலையின் தன்மைக்கேற்ப மாற்றி மாற்றி நடத்துவதே கியர் மாற்றுதல் என்பது.

இந்த வாணிகத்துக்கு மோட்டார் வண்டியில் முறையான ஏற்பாடு செய்தவர் பிரெஞ்சு நாட்டவரான எமில் லெவஸ்ஸார். ரெனே பனார் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பாரிஸில் தொழில் நடத்தியவர் அவர். 1891ஆம் ஆண்டில் அவர் அமைத்த வண்டியில் இயந்திரம் முன்புறம் இருந்தது. அதன் பின்னே கிளட்ச். அதன் பின்னே வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள். ஓட்டுநர் நெம்புகோலைத் தள்ளினால், ஒரு தண்டின்மீதுள்ள பற்சக்கரங்கள் பக்கவாட்டில் நகர்ந்து, மற்றொரு தண்டின் பற்சக்கரத்தோடு சென்று கோத்துக்கொள்ளும். எண்ணிப் பார்த்தால் முரட்டு முறைதான். ஒரு வேகத்தில் சுழலும் பற்களை வேறொரு வேகத்தில் சுழலும் பற்களுக்கு இடையே நுழைப்பது, ஓடுகின்ற இரண்டு வண்டிகளுக்கிடையே கை கோப்பது போன்றது. பற்கள் மோதும், அலறும், சில வேளை உடையும். ஆயினும் வண்டி மேட்டில் ஏறியது. உலகம் அந்த முறையை ஏற்றுக்கொண்டது.

அடுத்தவர் லூயி ரெனோ. 1898ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்தோரு வயதே நிரம்பிய அவ்விளைஞர், தம் கையால் அமைத்த சிறு வண்டியைப் பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றின் செங்குத்தான தெருவில் ஏற்றிக் காட்டினார். அவ்வண்டியின் புதுமை அதன் மேல் கியரில் இருந்தது. அந்தக் கியரில் இயந்திரத்திலிருந்து வரும் தண்டும், சக்கரங்களுக்குச் செல்லும் தண்டும் நேருக்கு நேர் பூட்டப்பட்டு ஒரே தண்டாகச் சுழன்றன. பற்சக்கரங்களின் வழியே ஆற்றல் சுற்றி வளைந்து செல்ல வேண்டிய தேவை அங்கே இல்லை. ஆகவே உராய்வு குறைந்தது, ஓசையும் அடங்கிற்று. வண்டி பெரும்பகுதி நேரம் ஓடுவது மேல் கியரிலேயே ஆதலால், இந்த நேர்வழி ஏற்பாட்டின் பயன் பெரிதாயிற்று. 1899இல் அவர் இதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஆனால் பற்கள் மோதி அலறும் தொல்லை மட்டும் தீரவில்லை. அதனை ஓட்டுநரின் திறமையே ஈடுசெய்ய வேண்டியிருந்தது. கிளட்சை ஒருமுறை மிதித்து நெம்புகோலை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, இயந்திரத்தின் வேகத்தைத் தக்கபடி மாற்றி, மறுபடியும் கிளட்சை மிதித்து அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். இதனை இரட்டைக் கிளட்ச் என்று நம் ஓட்டுநர்கள் கூறுவர். செவியால் வேகத்தை அளந்து செய்யும் வித்தை அது. வித்தை வாய்க்காதவர்களின் வண்டிகளில் பற்சக்கரங்களே விலை கொடுத்தன.

இந்தத் தொல்லைக்கு மருந்து கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்ஸன். அவருடைய அமைப்பை 1928இல் காடிலாக் கார்கள் முதன்முதலாக மேற்கொண்டன. பற்கள் ஒன்றோடொன்று கோப்பதற்கு முன்பே இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடுவது அதன் அடிப்படை. கூம்பு வடிவமான ஒரு பரப்பின்மீது அதே வடிவமான மற்றொரு பரப்பு அழுந்தி, உராய்வினாலேயே வேகங்களைச் சமப்படுத்துகிறது. பின்னாளில் இது மேலும் செப்பமடைந்தது. பித்தளை வளையம் ஒன்று இடையே வந்து சேர்ந்தது. வேகங்கள் சமமாகும்வரை அந்த வளையம் சற்றே திரும்பி நின்று, பற்களை உள்ளே விடாமல் தடுக்கும். சமமான மறுகணமே வழிவிடும். திருமண மண்டபத்தின் வாயிலில் நின்று, வருவோரை இன்னாரென அறிந்து உள்ளே விடும் பெரியவரைப் போன்றது அதன் பணி. பட்டறைகளில் இதனைச் சிங்க்ரோ ரிங் என்கிறார்கள்.

லெவஸ்ஸாரின் நகரும் பற்சக்கரம், ரெனோவின் நேர்வழி, தாம்ஸனின் சமப்படுத்தும் கூம்பு ஆகிய இம்மூன்றும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் கூடி, உலகத்தின் சேற்றையும் மணலையும் பனியையும் கடந்து சென்ற இடம் ஜீப் வண்டியாகும்.

1940ஆம் ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. அமெரிக்கத் தரைப்படை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறியதோர் உளவு வண்டியை விரும்பி, அவ்வாண்டு ஜூலையில் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. முதல் மாதிரி வண்டியை 49 நாள்களில் அளிக்க வேண்டும். எடை 1,300 இராத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 590 கிலோகிராமுக்கு, மேற்படலாகாது. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்ற ஊரிலிருந்த பான்டம் என்னும் சிறிய நிறுவனமே 49 நாள்களில் தருவதாக ஒப்புக்கொண்டது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாள்களிலேயே வரைபடங்களை முடித்தார். கெடுநாளான செப்டம்பர் 23ஆம் நாள் மாதிரி வண்டி மேரிலாந்திலிருந்த இராணுவ முகாமைச் சென்றடைந்தது. எடைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு ஒவ்வாதெனக் கண்டு, பின்னர் அதனை 2,160 இராத்தலாக உயர்த்தினார்கள். இறுதியில் 60 குதிரைத்திறன் கொண்ட வில்லிஸ் ஓவர்லாந்து நிறுவனத்தின் இயந்திரமே சிறந்ததென முடிவாயிற்று. 1941இல் பெரிய ஒப்பந்தம் அந்நிறுவனத்துக்குக் கிட்டியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அதே வடிவத்தில் ஃபோர்டு நிறுவனமும் வண்டிகளைச் செய்ய முற்பட்டது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உருவாக்கின.

இவ்விரு நிறுவனங்களின் வண்டிகளுக்கும் கியர்ப் பெட்டி ஒன்றே. இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரிலிருந்த வார்னர் கியர் நிறுவனத்தின் டி-84 என்ற பெட்டி அது. முன்செல்ல மூன்று கியர்கள், பின்செல்ல ஒன்று. இலேசான வண்டிக்கு ஏற்ற இலேசான பெட்டி. அதன் முதற் கியர் லெவஸ்ஸாரின் முறையில் நகர்ந்து வந்து கோக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் தாம்ஸனின் வழியில் சிங்க்ரோ வளையத்தின் துணையோடு கோக்கும். மூன்றாவது கியரில் ரெனோவின் நேர்வழி.

அதன் பின்னே ஸ்பைசர் நிறுவனத்தின் துணைப் பெட்டி ஒன்றும் பூட்டப்பட்டிருந்தது. முன் சக்கரங்களுக்கு ஆற்றலைப் பங்கிடுவதும், தேவையானபோது வேகத்தை மேலும் ஏறத்தாழப் பாதியாக்குவதும் அதன் தொழில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதற் கியரில் 2.66 மடங்கு, துணைப் பெட்டியில் 1.97 மடங்கு, அச்சிலுள்ள பற்சக்கரங்களில் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 25க்கு மேல் வருகிறது. அதாவது இயந்திரம் ஏறத்தாழ 25 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். அந்த அளவுக்கு வேகத்தை விற்று வலிமையை வாங்கியதனால்தான் சிறிய ஜீப் பெரும் பீரங்கியை இழுத்துச் சென்றது. இவ்வளவு வலிமையும் பின் அச்சின்மேல் மட்டும் பாய்ந்தால் அது முறிந்துபோகும். ஆகவே முன் சக்கரங்களை இணைத்தாலன்றித் துணைப் பெட்டியின் தாழ்நிலை விழாதபடி ஒரு தடையையும் அமைத்திருந்தார்கள்.

போர்க்களத்தில் வண்டி செய்வது பாதி வேலை. செய்ததைப் பழுதுபார்ப்பது மறுபாதி. அமெரிக்கத் தரைப்படை பழுதுபார்க்கும் பணியை ஐந்து படிகளாகப் பகுத்திருந்தது. ஓட்டுநர் செய்ய வேண்டியது முதற்படி. பெரும் பட்டறையில் முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது ஐந்தாம் படி. 1944இல் வெளிவந்த டி.எம். 9-1803 பி என்ற கையேடு, கியர்ப் பெட்டியை எந்த வரிசையில் பிரிப்பது, எதை அளப்பது, எதை மாற்றுவது என்று படத்தோடு விளக்கியது. வில்லிஸ் வண்டியின் பாகம் ஃபோர்டு வண்டிக்குப் பொருந்தும். ஃபோர்டு வண்டியின் பாகம் வில்லிஸுக்குப் பொருந்தும். ஃபோர்டு தன் பாகங்களில் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்ததைத் தவிர இரண்டுக்கும் வேற்றுமை மிகச் சிறிதே. பெட்டியைத் திறக்கக்கூடியதாகவும், உள்ளிருப்பதை மாற்றக்கூடியதாகவும் செய்தமைதான் அதற்கு நெடிய வாழ்நாளைத் தந்தது.

1945 ஜூலையில், போர் இன்னும் முற்றும் ஓயாத நிலையிலேயே, வில்லிஸ் நிறுவனம் குடிமக்களுக்கான ஜீப்பை வெளியிட்டது. சி.ஜே.-2ஏ என்பது அதன் பெயர். உழவுக்கும் சுமைக்கும் அது பயன்பட வேண்டியிருந்தது. படைவீரனின் ஜீப் சில மாதங்கள் நிலைத்தால் போதும். உழவனின் ஜீப்போ பல்லாண்டுகள் நிலைக்க வேண்டும். ஆகவே டி-84 பெட்டியை விடுத்து, அதனினும் உறுதியான டி-90 பெட்டியை அதில் வைத்தார்கள். அதன் முதற் கியர் 2.8 மடங்கு. துணைப் பெட்டியின் தாழ்நிலையையும் அச்சின் அளவையும் உயர்த்தியதனால், சக்கரம் ஒருமுறை சுற்ற இயந்திரம் ஏறத்தாழ 37 முறை சுற்ற வேண்டியதாயிற்று. ஏர் பின்னே வர, மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி செல்வதற்கு அது ஏற்றதாயிருந்தது. போர்க்கருவி உழுகருவியான கதையைப் பற்களின் எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

ஜீப் நம் நாட்டிலும் வேரூன்றியது. 1945இல் தொடங்கப்பெற்று, 1948இல் மகீந்திரா அண்டு மகீந்திரா என்று பெயர் மாறிய நிறுவனம், 1947ஆம் ஆண்டு முதல் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் சி.ஜே.-3பி என்ற உயர்ந்த முகப்புடைய வகையைப் பின்பற்றிய வண்டிகள் பல பத்தாண்டுகள் நம் நாட்டிலேயே உருவாயின. வனத்துறை அலுவலரும், மின்கம்பி இழுக்கும் பொறியாளரும், மலைத் தோட்டத்து மேற்பார்வையாளரும் நம்பியிருந்த ஊர்தி அதுவே. தமிழகத்து மலைப்பாதைகளில் மூன்று தலைமுறை ஓட்டுநர்கள் அதன் நெம்புகோலைப் பிடித்துப் பழகியிருக்கிறார்கள்.

அத்தகைய வண்டி ஒன்று சேலத்துக்கு அருகே நான் பயிற்சி அளித்துவரும் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. ஒரு மலைத் தோட்டத்துக் குடும்பம் நெடுங்காலம் வைத்திருந்தது. அதன் பழுது சிறியதன்று. மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியர் தானே கழன்று நடுநிலைக்கு வந்துவிடும். மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். சரிவில் இறங்கும் வண்டியைப் பிரேக் மட்டும் தாங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே தாழ்ந்த கியரில் வைத்து, இயந்திரத்தின் எதிர்ப்பையே தடையாகக் கொண்டு இறங்க வேண்டும். அந்தக் கியர் நடுவழியில் கழன்றால், கட்டவிழ்ந்த காளை போல வண்டி பாயும். இந்த அச்சத்தினாலேயே வண்டியைப் பழைய இரும்பாகப் போட்டுவிடலாம் என்று வீட்டார் எண்ணினர். வேறு புதிய பெட்டியைப் பொருத்தலாம் எனச் சிலர் யோசனை கூறினர். எங்கள் பட்டறையின் மூத்த மேஸ்திரியோ, "பெட்டி கெடவில்லை, உள்ளே தேய வேண்டியது தேய்ந்திருக்கிறது. திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்றார்.

முதலில் எண்ணெயை வடித்தோம். மேஸ்திரி அதை வெள்ளைத் தட்டில் சிறிது ஊற்றி வெயிலில் சாய்த்துக் காட்டினார். பொன் தூவினாற்போல நுண்ணிய துகள்கள் மின்னின. "இது பித்தளை, தம்பி. சிங்க்ரோ ரிங் கரைந்து எண்ணெயில் நிற்கிறது" என்றார். காந்தத்தை உள்ளே விட்டபோது எஃகுச் சில்லுகள் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நோயின் பாதி தெரிந்துவிட்டது.

கியர்ப் பெட்டியும் துணைப் பெட்டியும் சேர்ந்தே வண்டியின் அடிப்புறமாக இறங்கும். நால்வர் சேர்ந்து இறக்கினோம். துணைப் பெட்டியைப் பிரித்து, மேல் மூடியை எடுத்ததும் உள்ளமைப்பு முழுதும் கண்ணுக்குப் புலனாயிற்று. மேலே மெயின் ஷாஃப்ட். கீழே பல பற்சக்கரங்கள் ஒரே உடம்பாக அமைந்த கிளஸ்டர் கியர். கிளஸ்டர் கியரின் நடுவே செல்லும் தண்டைப் பின்புறமாகத் தட்டி எடுத்தால், அது பெட்டியின் அடியில் தாழ்ந்து அமரும். அதன் பின்னரே மேலுள்ள தண்டுகளை வெளியே எடுக்க இயலும். வரிசை தவறினால் எதுவும் வெளிவராது. தண்டைச் சுற்றி ஊசி போன்ற சிறு உருளைகள் அடுக்கப்பட்டிருக்கும். தண்டை எடுத்தவுடன் அவை சிதறிவிடாதபடி, அதே பருமனும் குறைந்த நீளமும் கொண்ட ஒரு போலித் தண்டை உள்ளே தள்ளிக்கொண்டே உண்மைத் தண்டை வெளியேற்றினார் மேஸ்திரி. "எண்ணி எடுத்தது எண்ணித்தான் உள்ளே போக வேண்டும்" என்று கூறி, உருளைகளை மாணவர்களைக்கொண்டு எண்ணச் செய்து தாளில் குறிக்க வைத்தார்.

பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துணியின்மேல் வரிசையாகப் பரப்பினோம். நான் முதலில் குறிப்பிட்ட மூன்று காலங்களும் அத்துணியின்மேல் தனித்தனியே தெரிந்தன.

முதற் கியரின் பற்களைப் பாருங்கள் என்று மாணவர்களுக்குக் காட்டினேன். பற்களின் ஓர் ஓரம் மட்டும் எலி கறித்த தேங்காய்போல் சிதைந்திருந்தது. வண்டி முற்றும் நிற்பதற்கு முன்பே முதற் கியருக்குத் தள்ளிய ஒவ்வொரு கையும் விட்டுச்சென்ற வடு அது. லெவஸ்ஸாரின் முறை ஓட்டுநரிடம் பொறுமையை எதிர்பார்த்தது. பொறுமை தவறிய இடங்களைப் பல்லில் குறித்து வைத்திருந்தது.

இரண்டாம் கியரின் சிங்க்ரோ வளையத்தை எடுத்தேன். புதிய வளையத்தின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலத்தை வெட்டி விலக்குவதற்கென்று மெல்லிய வரிகள் செதுக்கப்பட்டிருக்கும். இதிலோ அவ்வரிகள் வழுவழுப்பாகியிருந்தன. வளையத்தைக் கூம்பின்மீது அழுத்தினால் வளையத்துக்கும் கியரின் பூட்டுப் பற்களுக்கும் இடையே ஓர் இடைவெளி எஞ்ச வேண்டும். இங்கே அது இல்லாமலே போயிற்று. வேகத்தைச் சமப்படுத்தும் ஆற்றலை வளையம் இழந்தபின், எஃகுப் பற்களே நேராக மோதிக்கொண்டன. அதனால் அவற்றின் முனைகள் மழுங்கின. மழுங்கிய பற்கள் ஒன்றையொன்று பற்றி நிற்க மாட்டாமல் வழுக்கின. கிளஸ்டர் கியரின் இருபுறமும் உள்ள வாஷர்களும் மெலிந்து, கியர் முன்னும் பின்னும் ஊசலாட இடங்கொடுத்திருந்தன. நெம்புகோலை அதனதன் இடத்தில் நிறுத்தும் சிறு குண்டுகளின் சுருள்வில்களும் தளர்ந்திருந்தன. இத்தனையும் சேர்ந்தே இரண்டாம் கியரைக் கழலச் செய்தன.

மூன்றாம் கியரின் நேர்வழிப் பூட்டோ ஏறக்குறையப் புதிதுபோலவே இருந்தது. ரெனோ கண்ட வழியில் பற்களின் வேலை குறைவு. ஆகவே தேய்வும் குறைவு. ஒரே வண்டியில், ஒரே எண்ணெயில், அதே ஆண்டுகளைக் கழித்த மூன்று அமைப்புகள் தத்தம் இயல்பை இவ்வாறு தாமே சாட்சி கூறின.

இரும்புப் பெட்டியும், தண்டுகளும், கிளஸ்டர் கியரும் நன்றாக இருந்தன. பேரிங்குகள், வளையங்கள், வாஷர்கள், உருளைகள், சுருள்வில்கள், எண்ணெய்க் காப்புகள் ஆகியவற்றைப் புதியனவாக வாங்கினோம். முதற் கியரின் சிதைந்த ஓரத்தைச் சாணையில் செப்பம் செய்தோம். இரண்டாம் கியரும் அதன் மேல் நகரும் கழுத்தும் மாற்றப்பட வேண்டியனவாயிருந்தன. நகரத்தில் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் கடையொன்றில், வேறொரு ஜீப்பின் உடைந்த பெட்டியிலிருந்து எடுத்தவை கிட்டின. பற்களை எண்ணி, விட்டத்தை அளந்து பார்த்தோம். பிறிதொரு வண்டிக்காக, பிறிதோர் ஆண்டில் செய்யப்பட்டவை இதில் இசைவாக அமர்ந்தன. ஒருவர் செய்த பாகம் மற்றொருவர் வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்று போர்க்காலத்தில் வகுத்த நெறி, அன்று சேலத்துப் பட்டறையில் எங்களுக்குக் கைகொடுத்தது.

பூட்டும் வேலையில் விரைவுக்கு இடமில்லை. போலித் தண்டைச் சுற்றிக் கிரீசைத் தடவி, உருளைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, எண்ணிச் சரிபார்த்தார்கள் மாணவர்கள். வாஷரின் பருமனை மாற்றி மாற்றி வைத்து, பீலர் கேஜ் என்னும் தகட்டளவியால் இடைவெளியை அளந்தோம். அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளே அங்கு அனுமதி. கூடினால் கியர் ஊசலாடும். குறைந்தால் சூடேறி இறுகும். இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழுந்தால் பெட்டி சுழலாமல் பூட்டிக்கொள்ளும். அதனைத் தடுக்கும் சிறு ஊசித் தண்டு தன் இடத்தில் இருக்கிறதா என்பதை மேஸ்திரி மும்முறை பார்த்தார்.

எண்ணெயைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்நாளில் விற்கப்படும் சில உயர்வகைக் கியர் எண்ணெய்களில், எஃகுப் பற்களைக் காப்பதற்கென்று கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த பொருள்களைக் கலக்கிறார்கள். அவை எஃகுக்கு நன்மை செய்யும்; பித்தளையை அரிக்கவும் கூடும். விலை மிகுந்தது எல்லா இயந்திரத்துக்கும் மருந்தாகிவிடாது. பித்தளைக்குத் தீங்கு செய்யாத வகையைக் கேட்டு வாங்கி ஊற்றினோம்.

வண்டியை ஏற்காட்டு மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அப்பாதையில் ஏறுவது எளிதாகவே இருந்தது; சோதனை இறக்கத்தில்தான். முதல் வளைவுக்கு முன்பே ஓட்டுநர் இரண்டாம் கியருக்கு மாற்றினார். ஓசையின்றிக் கியர் விழுந்தது. பின்னர் முடுக்கியிலிருந்து காலை எடுத்தார். வண்டியின் எடை முழுவதும் அந்தப் பற்களின்மேல் சாய்ந்தது. நெம்புகோல் சற்றே நடுங்கிற்று, ஆனால் இடம்பெயரவில்லை. பின்னிருக்கையில் இருந்த மாணவர்கள் அந்த நெம்புகோலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடிவாரம் சேரும்வரை அது நின்ற இடத்திலேயே நின்றது.

நேயர்களே, கியர்ப் பெட்டியின் கதை இதற்குப் பின்னும் வளர்ந்தது. 1948இல் தோன்றிய ஆங்கில நாட்டு லாண்ட் ரோவர் வண்டியிலும் தொடக்கத்தில் மேல் கியர்கள் இரண்டுக்கே சிங்க்ரோ அமைப்பு இருந்தது. 1971இல் வந்த மூன்றாம் வரிசையிலேயே முன்செல்லும் கியர்கள் அனைத்துக்கும் அது கிட்டியது. இன்றைய மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை ஒரே கியரில் ஓடுகின்றன. ஏனெனில் மின்னோட்டி, வண்டிக் காளையைப்போல, நின்ற நிலையிலிருந்தே வலிமை தரவல்லது. நெம்புகோலைப் பிடித்தறியாத ஓட்டுநர்கள் வருங்காலத்தில் பெருகலாம்.

ஆயினும் பழைய பெட்டியைத் திறந்து பார்த்த அம்மாணவர்கள் ஒரு செய்தியைக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெட்டியிலேயே மென்மையானது பித்தளை வளையம். அதைவிட வலிய எஃகில் அதனைச் செய்திருக்க முடியாதா என்று ஒரு மாணவர் கேட்டார். செய்திருக்கலாம், ஆனால் அப்போது அதனோடு உரசும் கூம்பு தேய்ந்திருக்கும். எளிதில் மாற்றக்கூடிய சிறியதைத் தேயவிட்டு, மாற்ற அரிதான பெரியதைக் காக்கவேண்டும் என்று முன்பே எண்ணி அமைத்தவர்களின் அறிவு அந்த வளையத்தில் இருக்கிறது. அதனை உரிய காலத்தில் மாற்றுவது வைத்திருப்பவரின் கடமை. வரையும் பொறியாளர், அளக்கும் மேஸ்திரி, காலம் அறிந்து கியரை மாற்றும் ஓட்டுநர் ஆகிய மூவரும் தத்தம் பங்கைச் செய்தால் ஒரு வண்டி மூன்று தலைமுறைக்கு உழைக்கிறது.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய இயந்திரம் ஏதேனும் ஓய்ந்து கிடக்குமாயின், விற்பதற்கு முன் அறிந்தவர் ஒருவரைத் துணைகொண்டு ஒருமுறை திறந்து பாருங்கள். தேய்ந்த இடங்களை அளவெடுத்துக் குறித்து வையுங்கள். எழுபது எண்பது ஆண்டு வரலாறு அதற்குள் உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.